வெயிலில் நிற்கும் காரில் மெட்டல் டிடெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடெக்டர் எப்போதும் காரிலேயே கிடந்தால் வசதிதான். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் கடற்கரையையோ காலி நிலத்தையோ அலசிவிட்டு வரலாம். மற்ற மாதங்களில் இதில் பெரிய தொல்லை இல்லை, கோடையில்தான் கதை மாறுகிறது. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ஒரு மதியம் முழுக்கக் காரிலேயே விட்டுவிட்டேன். கெட்டுப்போயிருக்குமா?

பெரும்பாலும் இருக்காது, பதறாதீர்கள். ஒரு நாள் வெயிலுக்கே படுத்துவிடும் அளவுக்கு டிடெக்டர்கள் நோஞ்சான் இல்லை. எடுத்து நிழலில் வையுங்கள். தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வரும்வரை, அரை மணியோ முக்கால் மணியோ, காத்திருங்கள். அதுவரை ஆன் செய்ய வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், தண்ணீரில் இறக்க வேண்டாம்.

நாள்தோறும் விட்டுவைப்பதுதான் கேடு. இரண்டு மூன்று மாதம் அப்படிக் கிடந்தபின், பேட்டரி முன்பு ஓடிய நேரத்துக்கு ஓடாமல் சீக்கிரமே ஓய்ந்துவிடும். அப்போது யாரும் காரைச் சந்தேகிப்பதில்லை, பேட்டரி மட்டம் என்று திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவார்கள். அதையும் அதே காரில் வைப்பார்கள்.

காருக்குள் உண்மையில் எவ்வளவு சூடு ஏறும்?

நாம் நினைப்பதைவிட அதிகம், நினைப்பதைவிட வேகமாகவும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நடந்துவிட்டது. "பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லி முக்கால் மணி நேரம் கழித்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நானும் அந்தக் கூட்டம்தான்.

இது காற்றின் சூடு. வெயில் நேராக விழும் இடம் இன்னும் மோசம். அரிசோனாவில் கோடை நாட்களில் அளந்து 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, சீட் 51, டாஷ்போர்டு 69. நிழலில் நின்ற கார்களில் காற்று 38, சீட் 41, டாஷ்போர்டு 48. ஒரே காரில், ஒரே நேரத்தில், வைக்கும் இடத்தைப் பொறுத்து இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருகிறது. ஆகவே காரில் வைக்கலாமா என்பதோடு, காரில் எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

காரணம் எளியது. சூரிய ஒளி கண்ணாடி வழியாகத் தடையின்றி உள்ளே வருகிறது. கருப்பு டாஷ்போர்டும் சீட்டும் அதை உறிஞ்சிச் சூடாகி, உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்றுக்கு வெளியேற வழியில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாதா?

போதாது. 2005 ஆய்விலேயே ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்தும் பார்த்தார்கள், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. திருடனுக்கு மட்டும் வசதி.

டிடெக்டரில் முதலில் அடிவாங்குவது எது?

பேட்டரி. அதுவும் லித்தியம் அயான் என்றால் சந்தேகமே வேண்டாம். பலர் காயில் (தண்டின் அடியில் இருக்கும் தேடும் தட்டு) வளைந்துவிடுமோ, சர்க்யூட் போர்டு எரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். போர்டில் உள்ள சில்லுகளுக்கு 60 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை, சூடு கூடினால் அதன் வேகமும் கூடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பழைய தோராயக் கணக்கு. சும்மா கிடக்கும் பேட்டரிக்குள்ளும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, கார்பன் முனையின் மேல் படலமாகப் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும். அது திரும்ப வராது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சூடு மட்டுமல்ல, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் முக்கியம். லித்தியம் அயானுக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு இது: 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு வைத்தால், 25 டிகிரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், 40 டிகிரியில் 85, 60 டிகிரியில் 75. முழுச் சார்ஜோடு வைத்தால் 25 டிகிரியில் 80, 40 டிகிரியில் 65. 60 டிகிரியிலோ மூன்றே மாதத்தில் 60-க்கு இறங்கிவிடும். கார் இருபத்து நான்கு மணி நேரமும் 60 டிகிரியில் இருப்பதில்லை, இரவில் ஆறிவிடும் என்பதால் நிஜத்தில் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெளிவு.

நாளைக்குப் போக வேண்டும் என்று முந்தின இரவு 100 சதவீதம் ஏற்றி, காரில் போட்டு, அப்புறம் ஒரு வாரம் போகாமலே விட்டுவிடுகிறோமே, பேட்டரிக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

என் டிடெக்டரில் பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடியாதே?

இப்போது வரும் பல டிடெக்டர்கள் அப்படித்தான். திரையும் பொத்தான்களும் உள்ள தலைப்பகுதியைத் தண்டிலிருந்து கழற்ற முடிந்தால் அதை மட்டும் பையில் போட்டு உள்ளே எடுத்துப் போங்கள். தண்டும் காயிலும் காரில் இருந்துவிட்டுப் போகட்டும். அதுவும் முடியாத மாடல் என்றால், சார்ஜைப் பாதியளவில் வைத்துக்கொள்வதுதான் அடுத்த நல்ல வழி. தேடப் போகும் நாள் காலையில் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. வயர்லெஸ் மாடல்களில் பேட்டரி எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பி டியூஸ் போன்றவற்றில் ரிமோட், ஹெட்போன், காயில் மூன்றிலும் தனித்தனி லித்தியம் பேட்டரி உண்டு. ரிமோட்டை மட்டும் பத்திரமாக எடுத்துப் போய்விட்டுக் காயிலைக் காரில் வேகவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நான் டபுள் ஏ செல் போடுகிற டிடெக்டர் வைத்திருக்கிறேன். எனக்குக் கவலை இல்லைதானே?

உங்கள் கவலை வேறு வகை. காரெட் ஏடி ப்ரோ போல நான்கு டபுள் ஏ செல்லில் ஓடும் டிடெக்டர்களில், கெட்டுப்போனால் செல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது உண்மை. ஆனால் ஆல்கலைன் செல் போகும்போது சும்மா போகாது, கசிந்துவிட்டுப் போகும். சூட்டில் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் கூடும். அடைப்பு தளர்ந்ததும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து, காற்றுபட்டு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஸ்பிரிங்கையும் தகட்டையும் அரித்துத் தின்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். டிடெக்டரின் செல்களைக் கவனமாகக் கழற்றி எடுத்துப் போனவன், தோண்டும் பையில் கிடந்த பின்பாயின்டரை (குழிக்குள் உலோகம் சரியாக எங்கே என்று காட்டும் சின்னக் கைக்கருவி) மறந்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து மூடியைத் திருகினால் திறக்கவே இல்லை. திறந்தபோது உள்ளே வெள்ளையும் பச்சையுமாக ஒரு தோட்டமே முளைத்திருந்தது.

கசிவு லேசாக இருந்தால் காப்பாற்றலாம். கையுறை போட்டுக்கொண்டு செல்லை எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கசிந்தது காரம் என்பதால் மெல்லிய அமிலம் அதைச் சரிக்கட்டும். அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டாம், பொடி கரைந்து போர்டு வரை ஓடும்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் இப்படிக் கசிவது அபூர்வம். ஆனால் சூட்டில் தானாகவே வேகமாக வடிந்துவிடும். ஏற்றிவைத்தது என்று நம்பிப் போனால் பாதி நேரத்தில் டிடெக்டர் கையை விரிக்கும்.

பேட்டரி வெடித்துத் தீப்பிடிக்குமா?

நல்ல நிலையில் உள்ள பேட்டரி, சார்ஜில் இல்லாமல் கிடக்கும்போது, கார்ச் சூட்டினால் மட்டும் தீப்பிடிப்பது மிக அரிது. லித்தியம் செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரித்துவைக்கும் பாலிஎத்திலீன் படலம் உருகுவது 130 டிகிரியை ஒட்டித்தான். எந்தக் காரின் உள்ளும் அந்த அளவுக்குப் போகாது. ஆபத்து இருப்பது கீழே விழுந்து அடிபட்டவை, உப்பியவை, தண்ணீர் புகுந்தவை, ஊர்பேர் தெரியாத மலிவு மாற்று பேட்டரிகள் ஆகியவற்றில். ஏற்கெனவே பலவீனமாக இருப்பதை அந்தச் சூடு தள்ளிவிடும். இந்த நான்கில் எதையும் காரில் விடாதீர்கள், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காயில் வளைந்துவிடுமா?

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளையாது. காயில் ஓடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அது தளர்வது சுமார் 100 டிகிரியில். விஷயம் உள்ளே இருக்கிறது. சாதாரண டிடெக்டர்களின் காயிலுக்குள் அனுப்பும் சுற்று ஒன்று, வாங்கும் சுற்று ஒன்று. ஒன்றின் புலம் மற்றொன்றில் ஏறக்குறைய தெரியாதபடி மிக நுணுக்கமாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து, எப்பாக்சி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அந்தச் சமநிலைதான் டிடெக்டரின் உயிர். முடியளவு நகர்ந்தாலும் கலையும்.

சூடானால் எல்லாம் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. செம்பைவிட ஏபிஎஸ் நான்கைந்து மடங்கு அதிகம் விரியும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, மறுநாள் மறுபடி விரிந்து, நாளடைவில் ஓடும் எப்பாக்சியும் ஒட்டியிருக்கும் இடத்தில் நுண்ணிய விரிசல் விழலாம். காயிலைத் தட்டினால், புல்லில் உரசினால் இல்லாத உலோகத்துக்கு டிடெக்டர் கத்தத் தொடங்கினால் இதையும் சந்தேகியுங்கள். கேபிள் இணைப்புத் தளர்ந்திருந்தாலும் அப்படிக் கத்தும், எனவே முதலில் அதைப் பாருங்கள்.

இது நீண்டகாலச் சங்கதி. அன்றன்றைக்குத் தெரிவது இன்னொன்று. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும், அதாவது 35 டிகிரி ஏறினால் 14 சதவீதம் வரை. காரிலிருந்து எடுத்த கையோடு கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணில் உள்ள தாதுக்களுக்கு டிடெக்டர் கத்தாதபடி சரிசெய்வது) செய்தால், சூடான காயிலுக்குத்தான் அது சரியாக இருக்கும். ஈர மண்ணில் பத்து நிமிடம் ஆட்டியபின் காயில் ஆறிவிடும், பேலன்ஸ் விலகும், டிடெக்டர் சலசலக்கும். பலர் அதைத் தாது மண் என்று நினைத்து சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டாம், இன்னொரு முறை பேலன்ஸ் செய்தாலே அடங்கிவிடும்.

திரை முழுக்கக் கறுத்துவிட்டது. போச்சா?

பெரும்பாலும் இல்லை. எல்சிடி திரையில் உள்ள திரவப் படிகம் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் தன் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவம்போல் ஆகிவிடும், அதனால்தான் கறுப்பு. ஆறினால் பழையபடி வரும். திரும்பத் திரும்ப நடந்தால் மேலே ஒட்டியுள்ள போலராய்டு படலம் பழுத்து, ஓரத்தில் குமிழ் விடும். அது திரும்பாது. திரை மேல்நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள், ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடினாலும் போதும்.

வாட்டர்ப்ரூஃப் டிடெக்டரைக் காரிலிருந்து எடுத்து நேராகத் தண்ணீரில் இறக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சூடான காரில் உட்கார்ந்தபடி மூடியைத் திறந்து, செல்லை மாற்றி, மூடிவிட்டீர்கள் என்று வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்று 60 டிகிரி. அப்படியே 20 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, அழுத்தம் ஏறக்குறைய 12 சதவீதம் இறங்கும். அது 1.2 மீட்டர் ஆழத்துக்குச் சமமான உறிஞ்சல். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலும், மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தின் மேல் ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தின் அழுத்தம் இருக்கும். வளையம் புதிது என்றால் தாங்கும். அதே கார்ச் சூட்டில் காய்ந்து இறுகிய வளையம் என்றால், ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலே போதும், ஒரு துளி உள்ளே வந்துவிடும். உப்புநீர் என்றால் அந்த ஒரு துளியே அதிகம்.

ஆகவே நிழலில் ஆறவிடுங்கள். மூடியைத் திறந்து மூடுவதையும் ஆறியபின், நிழலில் வைத்தே செய்யுங்கள். ஓ-ரிங்கை, அதாவது அந்த ரப்பர் வளையத்தை, விரலால் தடவிப் பார்த்து, வறண்டிருந்தால் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைக்கும், அது வேண்டாம்.

கையேட்டில் 70 டிகிரி வரை வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. பிறகென்ன?

கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வைத்திருக்கும் சூடு, மற்றது இயக்கும் சூடு. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 கையேட்டில் இயக்குவதற்கு -10 முதல் 40 வரை, வைத்திருப்பதற்கு -20 முதல் 70 வரை. இயக்கும் எல்லையைத் தாண்டினால் அளவுகள் பிறழலாம், வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால் பொருளே பழுதாகலாம். 70-க்குள் இருந்தால் உடனே ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான். பேட்டரி கிழடு தட்டாது என்று அதற்குப் பொருள் இல்லை. அதோடு, வெயில் நேராக விழும் கருப்புப் பிளாஸ்டிக் உள்காற்றைவிடச் சூடாகும் என்பதை மேலே பார்த்தோம்.

டிக்கியா, பின்சீட்டா, தரையா?

டிக்கி, ஆனால் கண்ணாடி இல்லாத மூடிய டிக்கி. நேரடி வெயில் படாததால் சூடு மெதுவாக ஏறும், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணிலும் படாது. ஹேட்ச்பேக், எஸ்யூவி என்றால் பின்கண்ணாடிக்கு அடியில் உள்ள தட்டுதான் மிக மோசமான இடம், அதற்குக் கீழே தள்ளி வையுங்கள். டிக்கியே இல்லாவிட்டால் முன்சீட்டுக்குப் பின்னால் தரையில், மேலே வெளிர்நிறத் துணி போட்டு. சூடான காற்று மேலேதான் தங்கும்.

கனமான பொருளைக் காயிலின் மேல் ஏற்ற வேண்டாம். தண்டை இறுக்கும் கிளிப்பையும் காயில் திருகையும் சற்றுத் தளர்த்தி வையுங்கள், சூட்டில் அழுந்திக் கிடக்கும் ரப்பர் வாஷர் தட்டையாகிப் பிடிப்பை இழக்கும்.

ஐஸ்பெட்டிக்குள் வைத்தால்?

நல்ல யோசனை, ஐஸ் இல்லாமல். வெறும் பெட்டி குளிர்விக்காது, சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பெரிய உதவி. தலைப்பகுதி, பேட்டரி, பின்பாயின்டர், ஹெட்போன் எல்லாம் ஒரு சிறிய பெட்டியில் அடங்கிவிடும். ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீரையும் கூட வைத்தால் அது சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வீட்டின் குளுமையில் காலையிலேயே மூட வேண்டும். காரில் சூடானதை உள்ளே வைத்து மூடினால் சூட்டைத்தான் பத்திரப்படுத்துகிறீர்கள்.

ஐஸ் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். குளிர்ந்த பொருளைப் புழுக்கத்தில் வெளியே எடுத்தால் அதன் மேல் நீர் பூக்கும், வாட்டர்ப்ரூஃப் இல்லாத தலைப்பகுதிக்குள்ளும் பூக்கும். ஏசியில் நீண்ட நேரம் இருந்த டிடெக்டரைக் கடற்காற்றில் எடுக்கும்போதும் இதுதான். சில நிமிடம் பையிலேயே வைத்திருந்து பிறகு எடுங்கள்.

போகிற வழியில் கார் சார்ஜரில் போடலாமா?

கார் குளிர்ந்து, டிடெக்டரும் குளிர்ந்தபின் போடலாம். லித்தியம் அயானைச் சார்ஜ் செய்ய வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 0 முதல் 45 டிகிரி. வண்டி எடுத்த உடனே உள்ளே இருப்பது அதற்கு மேல். நல்ல சர்க்யூட் தானே மறுத்துவிடும், விளக்கு எரியாது. அதைப் பழுது என்று நினைத்து வேறு சார்ஜரை மாற்றி மாற்றிச் செருக வேண்டாம்.

முழுக் கோடையும் காரில்தான் வைத்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. என்ன செய்வது?

சரி, அப்படியென்றால் இழப்பைக் குறைப்போம். முன்கண்ணாடிக்குப் பளபள சன்ஷேடு போடுங்கள். நிழல் பார்த்து நிறுத்தும்போது இப்போதைய நிழலை நம்பாதீர்கள், மதியம் இரண்டு மணிக்கு அது எங்கே இருக்கும் என்று பாருங்கள். ஆல்கலைன் செல் எதுவும் எந்தக் கருவிக்குள்ளும் இருக்கக் கூடாது. பவர் பேங்கும் காரில் வேண்டாம், அதுவும் லித்தியம்தான். காயில் கவருக்குள் மணல் இருந்தால் தட்டிக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து, ஆறவிட்டு, ஓடவிட்டுப் பாருங்கள்.

பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேசையில் வைத்தால் ஆடுகிறதா, மூடி முன்பு போல் பொருந்தவில்லையா, உடம்பு நடுவில் புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அது உப்பிவிட்டது. குத்திக் காற்றை இறக்கப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.